குற்றம் வேறு, பொறுப்பு வேறு

போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று பிறவாத எங்கள்மேல் இன்னும் எத்தனை காலம் பழி சுமத்துவீர்கள் என்று ஜெர்மானிய இளையோர் சிலர் கேட்கின்றனர். அவர்களின் சலிப்புக்குத் தூபமிடும் அரசியலாரும் உளர். நினைவுகூரும் போக்கையே 180 பாகை திருப்பவேண்டும் என்று 2017-இல் டிரெஸ்டன் நகரில் முழங்கினார் பியோர்ன் ஹோக்கே.

இக்கேள்வியில் பாதி உண்மை உண்டு. தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்றே இறைவாக்கினர் எசேக்கியேலும் கற்பிக்கிறார். பின்னர் பிறந்தோர்மீது குற்றமில்லை. ஆயினும் கடந்தகாலத்தை ஏற்கும் கடமை அவர்களுக்கும் உண்டு என்று 1985-இல் குடியரசுத் தலைவர் வைசேக்கர் தெளிவுபடுத்தினார். பாட்டனாரின் வீட்டையும் நிலத்தையும் பெற்றுக்கொள்ளும் பேரன், அவர் வைத்த கடனை மட்டும் மறுப்பது எவ்வகை நீதி?

இதனை உணர்ந்த இளைஞரும் இல்லாமலில்லை. 1958-இல் தோன்றிய பரிகாரச் செயல் இயக்கத்தின் வழியாகப் போலந்துக்கும் இஸ்ரயேலுக்கும் சென்று முதியோருக்குப் பணிவிடை புரிகின்றனர். குந்தர் டெம்னிக் என்னும் கலைஞர் 1990-களில் பதிக்கத் தொடங்கிய பித்தளை முகப்புடைய நினைவுக் கற்கள் 2023-இல் ஓர் இலட்சத்தை எட்டின. நாஜிகளுக்கு இரையானோர் வாழ்ந்த வீடுகளின் முன்னே அவை கிடக்கின்றன. பெயரைப் படிக்க விரும்புவோர் குனிந்தாக வேண்டும்.

ஜெர்மானிய ஆயர்களும் 2020-இல், போருக்குத் தெளிவான மறுப்புக் கூறாத தம் முன்னோர் அதற்கு உடந்தையாயினர் என்று அறிக்கையிட்டனர். அறிக்கையிடாத பாவத்திற்கு ஒப்புரவு ஏது? செய்தவர் நாணத்தால் மறைத்தார். செய்யாத பேரனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? அவனும் வாய்மூடினால், உண்மையைச் சொல்ல எவர் எஞ்சுவர்?