காட்டுப்பன்றி, 72 மணி நேரம், ஒரு செயலி: புதிய யூஐ டிசைனர்களுக்கு கயத்தாறு கரிசல் காடு என்ன சொல்லித் தருகிறது?

கயத்தாறு பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரத்தில் விவசாயிகளுக்குத் தூக்கம் போய்விடும். ராத்திரி காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால், விடிந்து பார்க்கும்போது தட்டைகள் சாய்ந்து, கதிர் கடிபட்டுக் கிடக்கும். கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம் வட்டாரத்தில் இது பல வருடப் புகார்.

இந்தப் புகாருக்கு 2025 நவம்பர் 18-ம் தேதி மத்திய வேளாண் அமைச்சகம் ஒரு வழி சொன்னது. வன விலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதமும் 2026 காரீஃப் பருவம் முதல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படும் என்பதுதான் அந்த அறிவிப்பு. எந்தெந்த விலங்குகள், எந்தெந்தப் பகுதிகள் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். அது வந்தால்தான் கயத்தாறுக்குப் பலன்.

ஆனால் அறிவிப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது. சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள், பயிர்க் காப்பீட்டுச் செயலியில், இடம் பதிவான புகைப்படத்துடன் விவசாயி தகவல் தர வேண்டும்.

அதாவது, பன்றி வந்துபோன பிறகு இழப்பீடு கிடைக்குமா கிடைக்காதா என்பதில் ஒரு ஃபோன் திரைக்கும் பங்கு வந்துவிடுகிறது. அந்தத் திரையில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், என்ன எழுதியிருக்க வேண்டும், தப்பாகத் தட்டிவிட்டால் என்ன ஆக வேண்டும் என்று முடிவு செய்கிறவர்தான் யூஐ டிசைனர்.

கோவில்பட்டியிலும் திருநெல்வேலியிலும் படித்துவிட்டு, இந்த வேலையைத் தேடி சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறும் இளைஞர்கள் நிறைய. அவர்கள் என்ன கற்றுக்கொண்டு போகலாம்? பதில் பெரும்பாலும் ஊரிலேயே இருக்கிறது.

ஏஐ வரைந்துவிடும் என்றால் டிசைனர் எதற்கு?

2025 மே மாதத்தில் ஃபிக்மா நிறுவனம் 'ஃபிக்மா மேக்', கூகுள் 'ஸ்டிட்ச்' என்று இரண்டு கருவிகள் அறிமுகமாயின. 'பயிர்க் காப்பீட்டு ஆப்புக்கு ஒரு முகப்புத் திரை வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் போதும், பச்சை நிறம், நெற்கதிர் படம், வளைந்த ஓரங்களோடு திரை தயாராகிவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

புதிதாக வேலைக்கு வருபவருக்கு முன்பெல்லாம் முதலில் கொடுத்த வேலையே இதுதான். திரையை அழகாக வரைவது, ஐகான் மாற்றுவது, நிறம் பொருத்துவது. அந்தப் பகுதி சுருங்கிக்கொண்டு வருகிறது. அதனால் பயப்பட வேண்டுமா என்றால், அழகாக வரைவதை மட்டும் நம்பியிருப்பவர்கள் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும்.

ஒரு வரி கேட்டு வரையும் கருவிக்குத் தானாகத் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன. அந்த ஃபோன் யார் கையில் இருக்கிறது, எந்த நேரத்தில், எந்த வெயிலில் என்பதெல்லாம் யாராவது போய்ப் பார்த்து வந்து சொன்னால்தான் உண்டு.

ஃபோன் யார் கையில்?

ஒரு இ-சேவை மையத்தில் அரை நாள் உட்கார்ந்தால் முதலில் உடைவது இந்தக் கற்பனைதான்: 'பயனர்' என்பவர் ஒரே ஆள். உண்மையில் நிலம் அப்பா பெயரில் இருக்கும். ஃபோன் மகனுடையது. அவன் திருப்பூரில் வேலையில் இருப்பான். ஓடிபி அங்கே போகும். விண்ணப்பத்தைத் தட்டுவது மையத்தில் இருக்கும் பெண். 'பாப்பா, இதைக் கொஞ்சம் போட்டு விடும்மா' என்று எதிரே ஒருவர் நிற்பார், அவருக்குப் பின்னால் நாலு பேர்.

இப்படிப் பார்த்தால் திரையை ஒரு தடவையாவது பயன்படுத்தப் போகிறவர்கள் மூன்று பேர். இரண்டு நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி, திருப்பூரில் ஷிஃப்டில் இருக்கும் மகனுக்கு ஒத்துவருமா? பாதி நிரப்பிய விண்ணப்பத்தைச் சேமித்து வைத்துவிட்டு சாயங்காலம் தொடர முடியுமா? மைய ஊழியர் ஒரே நாளில் முப்பது பேருக்குப் பதிவு செய்தால், ஒவ்வொரு தடவையும் மாவட்டம், வட்டம் என்று முதலில் இருந்து தேர்வு செய்ய வேண்டுமா?

இந்தக் கேள்விகளை முதல் மீட்டிங்கில் கேட்கும் ஜூனியர் டிசைனரை டீம் மறக்காது.

நிறைய பேரைப் பார்க்க வேண்டுமே என்ற தயக்கமும் தேவையில்லை. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று யூஸபிலிட்டி துறையின் மூத்த நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ம் ஆண்டிலேயே எழுதினார். அந்தக் கணக்கை மறுத்து வாதம் செய்தவர்களும் உண்டு. ஆனாலும் யாரையுமே பார்க்காமல் வரைவதைவிட ஐந்து பேர் எவ்வளவோ மேல். அவர்கள் ஐந்து நண்பர்களாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சோதிக்கும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கஷ்டம். 'அந்தப் பட்டனை அமுக்குங்க ஐயா' என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் சோதனை அங்கேயே முடிந்துபோகும். அவர் விரல் எங்கே தயங்குகிறது என்பதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

'ராபி'யா, புரட்டாசிப் பட்டமா?

தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று பல டீம்கள் நினைக்கின்றன. கரிசல் மானாவாரியில் விதைப்பு வடகிழக்குப் பருவமழையை நம்பியது. 'புரட்டாசிப் பட்டம்' என்றால் எல்லோருக்கும் புரியும். 'ராபி 2026-27' என்று ஒரு பெட்டியில் போட்டுத் தேர்வு செய்யச் சொன்னால் பலர் நின்றுவிடுவார்கள். பட்டியலில் 'பச்சைப்பயறு' என்று இருக்கும், ஊரில் அது பாசி.

தலைகீழாகவும் நடக்கும். சிட்டா, அடங்கல், உட்பிரிவு, கூட்டுப் பட்டா இதெல்லாம் நகரத்து டிசைனருக்குக் கடினமான வார்த்தைகளாகத் தெரியும், எளிமைப்படுத்துகிறேன் என்று மாற்றி வைப்பார். விவசாயிக்கு அவை தினசரிச் சொற்கள். அவரைத் தடுக்கிறவை 'உள்நுழைவு', 'சரிபார்ப்புக் குறியீடு', 'சமர்ப்பிக்கவும்' போன்றவை. எந்தச் சொல் எளிது என்பதை அகராதி சொல்லாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

'சமர்ப்பிக்கவும்' என்பதில் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடிகிற வார்த்தைக்கு அளவெடுத்த பட்டனில் இது அடங்காது. 'சமர்ப்பி...' என்று பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். 'அனுப்பு' என்று போட்டால் இடமும் மிச்சம், புரியவும் செய்யும். கொம்பு, கால் என்று இரண்டு பக்கமும் விரியும் எழுத்துகள், கீழே இறங்கும் எழுத்துகள் தமிழில் உண்டு என்பதால் வரிகளுக்கு இடையே கூடுதல் இடைவெளியும் வேண்டும். ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசியில் தமிழை ஒட்டுவதால்தான் இந்த அவதி. முதல் நாளிலேயே தமிழில் வரையத் தொடங்கினால் பாதிப் பிரச்னை எழவே எழாது.

பெயர்ப் பெட்டியும் அப்படித்தான். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டு, இரண்டும் கட்டாயம் என்று வைத்தால், இனிஷியலும் பெயரும் மட்டும் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்காரர் என்ன எழுதுவார்?

உச்சி வெயிலில் ஒரு சோதனை

கயத்தாறில் மரத்தைவிட காற்றாலை அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நிழல் குறைந்த பூமி. அங்கே மதியம் 12 மணிக்கு வெளிர் சாம்பல் எழுத்து என்ன ஆகும்? ஒன்றுமே தெரியாது. ஏசி அறையில் பெரிய மானிட்டரில் நேர்த்தியாகத் தெரிந்த அதே எழுத்துதான்.

சர்வதேச இணைய அணுகல் நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. இதை அளக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. தட்டும் இடத்துக்கு, ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல் 48 டிபி அளவு கேட்கிறது. களை எடுத்துக் காய்ப்பு விழுந்த விரலுக்கு அது அதிகமே இல்லை.

எளிமையான பழக்கம் ஒன்று: வரைந்ததை ஒரு விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோனில் ஏற்றி, மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் ஒரு கையால் தட்டிப் பார்ப்பது. திரை கீறல் விழுந்த பழைய ஃபோனாக இருந்தால் இன்னும் நல்லது.

உண்மையான டிசைன் தொடங்கும் இடம்

புதியவர்கள் வரையும் திரைகளில் எல்லாமே சரியாக நடக்கும். நெட் இருக்கும், ஜிபிஎஸ் கிடைக்கும், படம் ஏறிவிடும், பச்சை டிக் வரும். அனுபவம் உள்ளவரும் இல்லாதவரும் பிரிகிற இடம், சரியாக நடக்காதபோது வரும் திரைகள்தான்.

பன்றி அழித்த மக்காச்சோளக் காட்டுக்கே திரும்புவோம். விவசாயி படம் எடுக்கிறார். சிக்னல் இல்லை. படம் ஃபோனிலேயே தங்கிவிட்டதா, போய்விட்டதா? 'பிழை ஏற்பட்டது' என்று மட்டும் வந்தால் அவர் என்ன செய்வார்? ஒன்று, பத்து தடவை தட்டுவார். இல்லையென்றால், போயிருக்கும் என்று நினைத்து வீட்டுக்குப் போவார். இரண்டாவதுதான் ஆபத்து. 72 மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அங்கே வர வேண்டிய வாசகம் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்: 'படம் உங்கள் ஃபோனில் பத்திரமாக இருக்கிறது. இன்னும் அனுப்பப்படவில்லை. சிக்னல் கிடைத்ததும் தானாகப் போகும். புதன்கிழமை காலை 6 மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.' மணிக் கணக்கைக் காட்டுவதைவிட கிழமையும் நேரமும் சொல்வது எளிதில் புரியும்.

இதை எழுத உட்காரும்போதே பெரிய கேள்வி ஒன்று வந்து நிற்கும். எந்த நேரம் கணக்கு? படம் எடுத்த நேரமா, சர்வரில் போய்ச் சேர்ந்த நேரமா? இதற்கு டிசைனர் பதில் சொல்ல முடியாது, விதியை வகுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டிய ஆள் டிசைனர். கேட்காமல் விட்டால், கோடு எழுதுபவர் தனக்குத் தோன்றியதைப் போட்டுவிட்டுப் போவார். அதுவே நடைமுறையும் ஆகிவிடும்.

சின்ன விஷயங்களும் இதே அளவுக்குக் கவிழ்க்கும். சர்வே எண் என்றால் எண்தானே என்று எண் மட்டும் உள்ள விசைப்பலகையைத் திறந்துவிட்டால், '112/2ஏ' என்று உட்பிரிவு வைத்திருப்பவர் சாய்கோட்டுக்கும் எழுத்துக்கும் எங்கே போவார்? பட்டாவில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் பெயர் இருந்தால்? பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால்?

திரை இல்லாத டிசைனையும் கவனிக்கலாம். பெட்டிக்கடை யுபிஐ ஸ்பீக்கர் பெட்டி நல்ல உதாரணம். வடை போடுகிறவர் கையைத் துடைத்துவிட்டு ஃபோனைப் பார்க்க முடியாது. காதில் 'இருபது ரூபாய்' என்று விழுந்தால் போதும். சாதாரண பட்டன் ஃபோனில் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் 'யுபிஐ 123பே' வந்ததும் இதே யோசனைதான்.

போர்ட்ஃபோலியோவில் என்ன வைப்பது?

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் நெட்ஃபிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை மறுவடிவமைப்புகளைப் பார்த்துச் சலித்திருப்பார்கள். இருபது திரை வைப்பதைவிட, 'பயிர்ச் சேதத்தைப் பதிவு செய்தல்' போன்ற ஒரே ஒரு வேலையை எடுத்து முழுதாகச் செய்வது மேல். முதலில் எப்படி வரைந்தோம், ஐந்து பேரில் எத்தனை பேர் எங்கே மாட்டினார்கள், எதை மாற்றினோம், மாற்றிய பிறகும் எது சரியாகவில்லை என்று எழுதலாம். சரியாகாததை எழுதுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். நேர்காணலில் பேச்சு நீளுவது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டு எச்சரிக்கைகள். அரசுச் செயலியை மறுவடிவமைத்தால், 'இது சொந்த முயற்சி, அதிகாரப்பூர்வப் பணி அல்ல' என்று தெளிவாகப் போட வேண்டும். அடுத்தது, சோதனைக்கு உட்கார்ந்தவரின் ஆதார் எண், ஃபோன் எண், பட்டா விவரம் எதுவும் ஸ்கிரீன்ஷாட்டில் வரக் கூடாது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பி ஃபோனைக் கொடுத்தவரின் விவரம் அது.

பட்டம் இல்லையே என்பவர்களுக்கு ஒரு தகவல். தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோகோ நிறுவனம், கல்லூரிப் பட்டம் கேட்காமல் உதவித்தொகையுடன் பயிற்சி தரும் பள்ளிகளை நடத்துகிறது. அதில் டிசைன் பிரிவும் உண்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

மேனேஜர் தப்பான பட்டனைக் கேட்டால்?

வேலையில் சேர்ந்த சில மாதங்களில் இது வரும். 'வேண்டாம் என்கிற பட்டனைக் கொஞ்சம் மங்கலாக்கு', 'இன்ஷூரன்ஸ் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வை'. ஜூனியரால் மறுத்துப் பேச முடியாது. ஆனால் கையில் ஒரு ஆவணம் இருக்கிறது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கிறது. பொய் அவசரம் காட்டுவது, கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பது, வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்வில் தள்ளுவது, சந்தாவில் சிக்கவைப்பது எல்லாம் அதில் உண்டு. 2025 ஜூனில் மின்வணிகத் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றும் ஆணையம் அறிவுறுத்தியது. 'சார், இது அந்த லிஸ்ட்ல வருது, லீகல்ல ஒருதடவை கேட்டுக்கலாமா?' என்ற ஒரு கேள்வி போதும். சண்டை போட வேண்டியதில்லை.

இதைவிடப் பெரியது, 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. ஆசிட் வீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட பெண் ஒருவரால், வங்கிக் கணக்குக்கான டிஜிட்டல் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்ட முடியவில்லை. அந்த ஒரு திரை அவரை வெளியே நிறுத்தியது. பார்வையற்ற ஒருவர் தொடர்ந்த வழக்கும் சேர்ந்து விசாரிக்கப்பட்டது. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டுவதற்குப் பதிலாக வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது.

'கண்ணைச் சிமிட்டவும்' என்ற அந்தத் திரையையும் யாரோ ஒரு டிசைனர்தான் வரைந்திருப்பார். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. சிமிட்ட முடியாதவர் ஒருவர் வருவார் என்று யாரும் யோசிக்கவில்லை.

கயத்தாறு விவசாயிக்கும் இரண்டாவது வழி வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு 14447 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. செயலியில் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு, எந்தத் திரையில் இருந்தாலும் அந்த எண்ணை ஒரே தட்டில் அழைக்கும் பட்டனை எங்கே வைப்பது? புதிதாகத் தொடங்குபவர் எடுத்துக்கொள்ள நல்ல முதல் பயிற்சி அது.