தூங்காவனம்: சி சென்டருக்குப் புரியாத படமா?

ஒரு படம் ஓடவில்லை என்றால் பழியைப் போட ஒரு இடம் வேண்டும். தமிழ் சினிமாவில் அதற்கென்றே ஒரு பெயர் இருக்கிறது. 'பி அண்ட் சி சென்டர்'! அருப்புக்கோட்டை, திருச்சுழி மாதிரி ஊர்களெல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். "படம் ஸ்டைலா இருக்கு, ஆனா பி அண்ட் சி-ல எடுபடாது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். 2015 தீபாவளிக்கு வந்த கமல்ஹாசனின் 'தூங்காவனம்' படத்துக்கும் இதே தீர்ப்புதான். அது சரிதானா?

முதலில் மூலக்கதை. 2011ல் வந்த பிரெஞ்சுப் படம் 'நுவி ப்ளான்ஷ்'. இயக்கம் ஃபிரடெரிக் ஜார்டன், நடிப்பு டோமர் சிஸ்லே. பெயருக்கு அர்த்தமே தூங்காத இரவு என்பதுதான். போதைப்பொருள் பையைப் பறிக்கும் ஒரு போலீஸ்காரர். பதிலுக்கு அவர் மகனைக் கடத்தும் நைட் கிளப் முதலாளி. பையைக் கொடுத்து மகனை மீட்கப் போனால், ஒளித்து வைத்த இடத்தில் பை இல்லை. வயிற்றில் கத்திக்குத்தோடு ராத்திரி முழுக்க அந்த ஒரே கட்டிடத்துக்குள் ஓட்டம். அவ்வளவுதான் கதை.

ஹாலிவுட் கணக்கில் இது சின்ன பட்ஜெட். ஆனால் அந்தச் சிக்கனமே படத்துக்கு ஸ்டைல் ஆகிவிட்டது. ஒரே கட்டிடம் என்பதால் லொகேஷன் மாற்றும் செலவு இல்லை. கேமரா கூட்டத்துக்குள் புகுந்து நாயகனின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடுகிறது. பறந்து பறந்து அடிக்கும் சண்டை இல்லை. சமையலறையில் கையில் கிடைத்ததை எடுத்து அடித்துக்கொள்கிறார்கள், அடித்த பிறகு மூச்சு வாங்குகிறார்கள். தமிழில் ராஜேஷ் எம். செல்வா இயக்கினார். கூடவே தெலுங்கில் 'சீகட்டி ராஜ்யம்' என்றும் எடுத்தார்கள். ஒரு செட் செலவில் இரண்டு படம். காமர்ஸ் படித்தவர்கள் எழுந்து நின்று கைதட்ட வேண்டிய விஷயம்! இதே கதை அமெரிக்காவில் 2017ல் 'ஸ்லீப்லெஸ்' ஆனது, இந்தியில் 2023ல் 'பிளடி டாடி' ஆனது.

இனி ரசிகர்கள் பேச்சு. ஒரு கோஷ்டி சொல்வது: "பாட்டு இல்லாம, பஞ்ச் இல்லாம எடுத்ததுக்கே பாராட்டணும், இது உலகத் தரம்." இன்னொரு கோஷ்டி: "பாட்டு இல்ல, காமெடி இல்ல, ஹீரோ பாதிப் படம் வயித்தப் புடிச்சிக்கிட்டே நடக்கிறாரு, இதுக்கா தீபாவளிக்கு டிக்கெட்?" அதே நாளில் வந்த அஜித்தின் 'வேதாளம்' வசூலில் வெகுதூரம் முன்னால் போய்விட்டது. உடனே முதல் கோஷ்டி கண்டுபிடித்த காரணம்தான் சி சென்டர் ரசனை.

கமல் பிறந்த பரமக்குடியும் திருச்சுழியும் 1985 வரை ஒரே ராமநாதபுரம் மாவட்டம். அதே வறண்ட பூமிக்காரர்களுக்குத்தான் அவர் படம் புரியவில்லையாம்!

தூங்காத இரவு என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் நூல் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்காத குடும்பம் குறைவு. திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர் ராத்திரியும் அதைக் காவல் காக்க வேண்டும். மண் பூச்சில் எங்காவது ஓட்டை விழுந்து காற்று புகுந்தால் விறகெல்லாம் சாம்பல், பட்ட பாடெல்லாம் வீண். பிள்ளை தூங்கும்போது வேலைக்குப் போய், பிள்ளை பள்ளிக்கூடம் போனபிறகு வீடு திரும்பும் அப்பாக்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. வேலை வேலை என்று மகனைக் கவனிக்காமல் விட்ட ஒரு அப்பாவின் கதை அவர்களுக்கா புரியாது?

அப்போது தீபாவளிதான் தப்பா? 1995 தீபாவளிக்கும் இதே கதைதான். பாட்டே இல்லாத 'குருதிப்புனல்' ஒரு பக்கம், ரஜினியின் 'முத்து' மறுபக்கம். அதற்கும் முன்னால் 1954ல் பாட்டில்லாத 'அந்த நாள்' வந்தபோதும் ஜனங்கள் முணுமுணுத்தார்கள். வருஷத்தில் ஒருநாள் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போகிறவர் பாட்டும் சிரிப்பும் கேட்பதில் என்ன குற்றம்? அது அவர் காசு.

ஆனால் தீபாவளி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2019 தீபாவளிக்கு 'பிகில்' படத்தோடு மோதிய 'கைதி'யைப் பாருங்கள். ஒரே ராத்திரி, பாட்டு இல்லை, கதாநாயகியே இல்லை, போதைப்பொருள், பிள்ளையைத் தேடிப் போகும் அப்பா... கிட்டத்தட்ட அதே சாமான்கள். ஆனாலும் பட்டிதொட்டியெல்லாம் ஓடியது.

வித்தியாசம் எங்கே? 'கைதி'யில் ஒரு லாரி இருந்தது, நெடுஞ்சாலை இருந்தது, நாயகன் நெற்றியில் திருநீறு இருந்தது, பக்கெட்டில் பிரியாணி இருந்தது. 'தூங்காவன'த்தில் இருந்தது ஒரு நைட் கிளப். இந்தப் பக்கத்து ஜனங்கள் வாசல்படி மிதிக்காத, மிதிக்கவும் விடாத இடம். கதாபாத்திரங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தார்கள், கட்டிடம் மட்டும் பிரெஞ்சுக் கட்டிடமாகவே நின்றது. உள்ளே ஒரு அப்பா துடித்துக்கொண்டிருக்க, ரசிகர் கேட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார். இது ரசனைக் குறைவு இல்லை. கதவைத் திறந்துவிடாதது படத்தின் குறை.

ஆக, பிரெஞ்சுக்காரர்களிடம் இரவல் வாங்க வேண்டியது நைட் கிளப்பை அல்ல, அந்தச் சிக்கனத்தை. ஒரே இடம், ஒரே இரவு, ஒரு நல்ல கதை. மில்லின் மூன்றாம் ஷிப்ட் போதும். கருவேலங்காட்டில் ஒரு கரிமூட்டம் போதும். செட் போடும் செலவுகூட மிச்சம். அப்படி ஒரு படம் வந்து, அதுவும் இங்கே ஓடவில்லை என்றால் அன்றைக்குச் சொல்லுங்கள் சி சென்டருக்கு ரசனை இல்லை என்று!