ஒரே தலை, ரெண்டு ரிப்போர்ட்

கிரிக்கெட் பற்றி எழுதச் சொன்ன நண்பர்கள் மன்னிக்கவும். இந்த முறை கொஞ்சம் சீரியஸ்.

எங்கள் மாமாவுக்கு மூளையில் கிளையோமா கட்டி. ஆபரேஷன், கரண்டு, கீமோ மாத்திரை எல்லாம் ஆகி, கரண்டு முடிந்து ரெண்டு மாதம். வீடு திண்டிவனத்தில். விழுப்புரத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ-யில் கட்டி இருந்த இடத்தில் ரத்த ஓட்டம் அதிகம், மறுபடி வளர்கிறது என்று ரிப்போர்ட். பத்து நாள் கழித்துப் பாண்டிச்சேரியில் எடுத்தால் ரத்த ஓட்டம் குறைவுதான், கரண்டு வைத்ததன் விளைவாக இருக்கலாம் என்று ரிப்போர்ட்! கரண்டு முடிந்த முதல் மூன்று மாதத்தில் இப்படிப் பொய்யாக வீங்கிக் காட்டுவது சகஜம். ஆனால் நிஜ வளர்ச்சி என்றால் வைத்தியத்தையே மாற்ற வேண்டும். டாக்டர் ரெண்டு ஃபிலிமையும் பார்த்துவிட்டு, "இதையும் அதையும் ஒப்பிட முடியாதுப்பா" என்றார். "அப்போ எதுக்கு ரெண்டு தடவை காசு கட்டினோம்?" என்றார் மாமா. நியாயமான கேள்வி.

சி.டி. ஸ்கேனில் திண்டிவனமானாலும் டோக்கியோவானாலும் தண்ணீருக்கு எண் பூஜ்யம்தான். சாதாரண எம்.ஆர்.ஐ படத்தில் அப்படி எண் கிடையாது. அதிலும் பெர்ஃப்யூஷன் என்கிற ரத்த ஓட்டப் பரிசோதனை ரொம்ப நுணுக்கம். கட்டியில் ரத்தக் குழாய்கள் ஒழுகும். கான்ட்ராஸ்ட் மருந்து வெளியே கசிந்தால் ரத்த அளவு குறைவாகக் கணக்காகிவிடும். முன்கூட்டியே கொஞ்சம் மருந்து ஏற்றினார்களா, ஃபிளிப் ஆங்கிள் 30 டிகிரியா 60 டிகிரியா, எந்த சாஃப்ட்வேர், எல்லாமே விடையை மாற்றும்.

இதற்கெல்லாம் வழி இல்லாமல் இல்லை. மூளைக் கட்டி ஸ்கேன் எப்படி எடுக்க வேண்டும் என்று 2015-ல் சர்வதேச நிபுணர்கள் ஒரு பொதுமுறை வெளியிட்டார்கள். 2020-ல் பெர்ஃப்யூஷனுக்கும் வந்தது. 2015 முறையில் 3 டெஸ்லா மெஷினுக்கு மட்டுமல்ல, 1.5 டெஸ்லாவுக்கும் அளவுகள் இருக்கின்றன. "நம்ம ஊருக்கு இதெல்லாம் ஓவர்" என்றான் ஒரு வகுப்புத் தோழன். நான் நேர்மாறாகச் சொல்வேன். பெரிய நகரத்துக்காரர் ஒரே ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகப் பார்க்கலாம். திண்டிவனத்துக்காரர் தேதி கிடைப்பதைப் பொறுத்து இன்றைக்கு விழுப்புரம், நாளைக்கு ஜிப்மர், அப்புறம் சென்னை என்று பஸ் ஏறுகிறவர். பொதுமுறை அவருக்குத்தான் அதிகம் தேவை.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் மையங்கள் நடத்துகிறது. அங்கே மூளைக் கட்டிக்கு ஒரே முறை என்று முதலில் ஆரம்பிக்கலாமே? புது மெஷின் வேண்டாம், டெக்னீஷியனுக்குப் பயிற்சியும் கொஞ்சம் நேரமும் போதும். (நேரம்தான் கஷ்டம், வெளியே க்யூ நிற்கிறது, தெரியும்.) அதுகூட முடியாதென்றால், எந்த அளவில் எடுத்தோம் என்று ரிப்போர்ட்டின் அடியில் ரெண்டு வரி எழுதட்டும். சீடியைக் கேட்காமலே கொடுக்கட்டும்.

மாமாவுக்கு அடுத்த ஸ்கேன் ஆறு வாரம் கழித்து, விழுப்புரத்தில் அதே மெஷினில். பழைய சீடியை அத்தை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டார்.