கிட் வாங்காதீங்க, சுத்தியலை நீங்களே செய்யுங்க



கற்கருவிகள் பற்றிய எபிசோட் வெளியானதிலிருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "நானும் கல் செதுக்கிப் பார்க்கணும், எந்த கிட் வாங்கலாம்?" ஆன்லைனில் நிறைய இருக்கு. செம்புத் தலை வைத்த சுத்தியல், கைப்பிடி போட்ட கூர்முனை, தோல் துண்டு, எல்லாம் அழகான பெட்டியில் வரும்.

என் பதில்: வாங்காதீங்க. காசை மிச்சம் பிடிக்கிறதுக்காகச் சொல்லலை. கல் செதுக்குவதில் பாதிப் பாடம் கருவியைச் செய்வதில்தான் இருக்கு. பெட்டியாக வாங்கினால் அந்தப் பாதியை உங்களுக்குப் பதிலாக வேறு யாரோ படித்துவிடுகிறார்.

எபிசோடைக் கேட்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்றேன். சக்கிமுக்கிக் கல் கண்ணாடி மாதிரி உடையும். விளிம்பில் சரியாகத் தட்டினால், விசை கூம்பு போலக் கல்லுக்குள் பரவி, சிப்பியின் உட்புறம் போல வளைந்த ஒரு சில்லு பெயர்ந்து விழும். தட்டும் இடத்தின் கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருக்கணும். தியரி இவ்வளவுதான். மீதியெல்லாம் எதால் தட்டுகிறோம் என்பதில் இருக்கு.

முதல் கருவி ஒரு கூழாங்கல். ஓஸ்லோ ஃபியோர்டின் கரையில் நடந்தால் கோழிமுட்டை அளவிலிருந்து கைப்பிடி அளவு வரை வழவழப்பான கற்கள் கிடைக்கும். விரிசல் இல்லாத, கையில் கனமாக உட்காரும் கல்லாகப் பாருங்க. கெட்டியான கல் ஒரு சின்னப் புள்ளியில்தான் தொடும். அதனால் சில்லு தடிமனாக வரும். முதல் வடிவம் கொண்டுவர அது போதும்.

இரண்டாவது, கொம்பு. இங்கே ஒவ்வொரு இலையுதிர் காலமும் எல்க் மான் வேட்டை நடப்பதால், வேட்டைக்குப் போகிற ஒருவராவது எல்லா ஆபீஸிலும் இருப்பார். என்னிடம் இருப்பது அப்படி ஒரு சக ஊழியர் கொடுத்த கொம்பின் அடித்துண்டு, ஒரு சாண் நீளம். கொம்பு கல்லைவிட மென்மை. அடிக்கும்போது கல்லின் விளிம்பு கொம்புக்குள் கொஞ்சம் பதியும், விசை பரவலாக இறங்கும், சில்லு மெல்லிசாக, நீளமாக வரும். கூழாங்கல்லையும் கொம்பையும் மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்க, வித்தியாசம் பத்தே நிமிஷத்தில் கைக்குப் புரிஞ்சிடும்.

மூன்றாவது, அழுத்துமுனை. எலக்ட்ரீஷியன் மிச்சம் விட்டுப்போன தடித்த செம்புக் கம்பி ஒரு துண்டு, பழைய துடைப்பக் கட்டையில் ஒரு சாண். கட்டையின் முனையில் கம்பியைவிடச் சற்றுச் சின்னதாகத் துளை போட்டு, கம்பியை இறுக்கமாக அடித்து இறக்குங்க. வெளியே ஒன்றரை சென்டிமீட்டர் நின்றால் போதும். அந்த நுனியைச் சுத்தியலால் தட்டினால் செம்பு இறுகும். பிறகு அரம் போட்டுக் கூராக்குங்க. உள்ளங்கையில் பழைய பெல்ட் தோலை மடித்து வைத்து, அதன்மேல் கல்லை வைத்து, முனையை விளிம்பில் ஊன்றி, முதலில் உள்நோக்கி அழுத்தி, அப்புறம் கீழே தள்ளணும். விளிம்பைத் தேய்த்து உறுதியாக்க உடைந்த சாணைக்கல் துண்டு ஒன்று. செட் முடிஞ்சது.

இங்கே இன்னொரு கட்சி சண்டைக்கு வரும்: "கற்காலத்தில் செம்பு ஏது? கொம்புதான் அசல்." எனக்கு இந்த வாதத்திலும் உடன்பாடு இல்லை. 1911-இல் கலிபோர்னியாவில் வெளியுலகத்துக்கு வந்த யாஹி இனத்தவரான இஷி, பாட்டில் கண்ணாடியை இரும்பு முனையால் அழுத்தி அருமையான அம்பு முனைகள் செய்தார். ஆஸ்திரேலியாவின் வடக்கில் பழங்குடி மக்கள் தந்திக் கம்பங்களின் பீங்கான் இன்சுலேட்டர்களை ஈட்டி முனைகளாக்கினார்கள். அன்றைக்கு உலகின் நவீனமான தொழில்நுட்பம் தந்தி. அதன் உதிரிபாகம் அவர்களுக்கு நல்ல கல். கையில் கிடைப்பதைப் புரிந்துகொண்டு பயன்படுத்துவதுதான் இந்தக் கலையின் மரபு.

கிட்டுக்கு எதிரான என் வலுவான சாட்சி குஜராத்தின் கம்பாத் ஊரில் இருக்கு. அங்கே அகேட், கார்னீலியன் மணி செய்பவர்கள் தரையில் நட்ட கூர் இரும்புக் கம்பியின் மேல் கல்லைச் சாய்த்துப் பிடித்து, எருமைக் கொம்புத் தலை மாட்டிய இலகுவான சுத்தியலால் தட்டுவார்கள். சில்லு பெயர்வது அடி விழும் பக்கத்தில் இல்லை, இரும்பு தொடும் பக்கத்தில். வாலன்டின் ரூ, பிளாந்தீன் பிரில் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1990-களில் அந்தச் சுத்தியல்களில் முடுக்கத்தை அளக்கும் சென்சாரைப் பொருத்திப் பார்த்தார்கள். பழகிய கல்லுக்குப் பதிலாகக் கண்ணாடியைக் கொடுத்தபோது, கை தேர்ந்தவர்கள் அடியின் வேகத்தைப் பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். தன் சுத்தியலின் எடையையும் துள்ளலையும் அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்த கைக்குத்தான் அது சாத்தியம். நம்ம ஊரில் அம்மி, ஆட்டுக்கல் கொத்த வருபவரின் உளியை நினைச்சுப் பாருங்க. எந்தக் கல்லில் அது எவ்வளவு சீக்கிரம் மழுங்கும்னு அவருக்குத் தெரியும். எந்த மேனுவலும் அதைச் சொல்லித் தராது.

நீங்கள் செய்த கருவி சரியாக வேலை செய்யாவிட்டால் ஏன் என்று உங்களுக்குத் தெரியும். முனை சறுக்குதா? அரம் போடலாம். கைப்பிடி குட்டையா? வேறு கட்டையில் மாற்றலாம். வாங்கியது சறுக்கினால் அடுத்த மாடலைத் தேடுவோம். மென்பொருளிலும் இதே கதைதான், அதை இந்த பாட்காஸ்டில் எத்தனையோ தடவை பேசியாச்சு.

ஆனால் ஒரு வீட்டுத் தயாரிப்புக்கு மட்டும் நான் கண்டிப்பாக எதிரி. செம்புக் குழாய் மூடிக்குள் ஈயத்தை உருக்கி ஊற்றிச் சுத்தியல் செய்யச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். சமையலறையில் ஈயத்தை உருக்காதீங்க, முக்கியமாகக் குழந்தைகள் உள்ள வீட்டில். கனம் வேணும்னா முழுச் செம்புக் கட்டை வாங்குங்க. அதை மட்டும் வாங்க அனுமதி தர்றேன்.

அடுத்து, தூசி. கம்பாத்தில் அகேட் தேய்ப்பவர்களிடம் சிலிகோசிஸ் எனும் நுரையீரல் நோய் இருப்பது நெடுங்காலமாகப் பதிவான விஷயம். இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் துப்பாக்கிக்குச் சக்கிமுக்கிக் கல் செதுக்கியவர்களையும் அதே நோய்தான் வாட்டியது. அவர்களுக்கு அது பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு. ஆகவே வெளியே உட்கார்ந்து செய்யுங்க, மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்க, தார்ப்பாய் விரிங்க. ஆரம்பப் பயிற்சிக்குத் தடித்த பாட்டிலின் அடிப்பாகம் போதும்.

கடைசியாக, நார்வேயில் இருப்பவர்களுக்கு. இந்த நாட்டின் பாறையில் சக்கிமுக்கிக் கல் கிடையாது. கரையில் கிடைப்பதெல்லாம் பனியுக முடிவில் பனிக்கட்டி சுமந்துவந்து போட்டது. அது போதாமல்தான் பழைய மக்கள் உள்ளூர்ப் பாறைகளிலும் கோடரி செய்தார்கள். ஓஸ்லோவுக்குத் தெற்கே ஓஸ் பகுதியில் உள்ள நொஸ்ட்வெட் என்ற இடத்தின் பெயராலேயே ஒரு கோடரி வகை உண்டு. பனி உருகியபின் நிலம் மேலெழுந்ததால் அன்றைய கடற்கரை இன்று காட்டு மேட்டில் இருக்கு. அங்கே ஒரு சில்லு கண்ணில் பட்டால், "பயிற்சிக்கு ஆச்சு" என்று பையில் போடாதீங்க. 1537-க்கு முந்தைய மனிதத் தடயங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது, கண்டெடுத்ததைத் தெரிவிக்கணும்.

அதேபோல உங்கள் சில்லுகளையும் காட்டில் கொட்டாதீங்க. சில்லு அழியாது. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் யாரோ தட்டிய குவார்ட்சைட் சில்லுகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளாக அப்படியே கிடந்ததால்தான் நமக்கு அவர்களைப் பற்றித் தெரியும். உங்கள் சில்லு நாளைய ஆய்வாளரைக் குழப்பக் கூடாது. செய்த முனைகளில் அழியாத மையால் வருடத்தை எழுதுங்க. புதைச்சே ஆகணும்னா, கூடவே இந்த வருட நாணயம் ஒன்றைப் போடுங்க.

இந்த வாரக்கடைசியில் மூன்றில் ஒரு கருவியாவது செய்து, படம் அனுப்புங்க. கல்லின் படம் அப்புறம். முதலில் சுத்தியலைக் காட்டுங்க.