ஆடக் கூடாத ஆட்டம்

ஆட்டம் என்றால் நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். கரகாட்டம், ஒயிலாட்டம், மயிலாட்டம் என்று எத்தனை ஆட்டங்கள் நம் மண்ணில்! ஆனால் ஆடவே கூடாத ஆட்டம் ஒன்று உண்டு. அது மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கில் வரும் ஆட்டம். "வண்டி முன்னாடி ஆடுதுண்ணே" என்று பட்டறையில் போய்ச் சொல்கிறோமே, அந்த ஆட்டம். எங்கே ஆடுகிறது என்று கையால் தொட்டுக் கண்டுபிடிக்கும் வரை ஒரு நட்டைக்கூட முறுக்கக் கூடாது, ஒரு சாமானைக்கூட மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இது யாருக்குத்தான் தெரியாது என்று கேட்பீர்கள். தெரியும், ஆனால் நடப்பது வேறு. முன் பிரேக்கைப் பிடித்தால் 'டக்' என்று ஓர் ஒலி. உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது: "கோன் செட் போச்சு, மாத்திடலாம்." என் வகுப்புத் தோழன் ஒருவன் மலையடிவாரத்திலிருந்து கல்லும் மண்ணுமான பாதையில் தினமும் கல்லூரிக்கு வருகிறான். அவன் வண்டிக்கு ஓராண்டில் இரண்டு முறை கோன் செட் மாற்றினார்கள். ஆட்டம் போகவில்லை. கடைசியில் பார்த்தால் தேய்ந்திருந்தது முன்சக்கரத்தின் பேரிங்! தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் போனது. அதைவிடப் பெரிய செய்தி, ஓராண்டு முழுவதும் தளர்ந்த சக்கரத்தோடு அவன் அந்தச் சரிவில் இறங்கி ஏறியிருக்கிறான் என்பது. ஏதும் நேராமல் போனது நல்ல காலம்.

மண்பாதை வண்டிகளுக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் குழாய் ஃபோர்க்கை 1935-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் வண்டிகளில் கொண்டுவந்தது. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்கும் அந்த அமைப்புதான் இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் முன் ஃபோர்க் 200 மி.மீ. ஏறி இறங்கும். 2019-இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-இல் 190 மி.மீ. மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளில் ஏறத்தாழ 300 மி.மீ. கால் நீண்டால் நெம்புகோல் நீண்டது என்று பொருள். சக்கரம் கல்லில் மோதும் ஒவ்வொரு முறையும் அந்த விசை பெருகிக் கழுத்துப் பேரிங்கைத் தாக்குகிறது.

ஒரு சிறு கணக்கு. கழுத்துக் குழாயின் மேல் பேரிங்குக்கும் கீழ் பேரிங்குக்கும் இடையே 15 செ.மீ. என்று கொள்வோம். கீழ் பேரிங்கிலிருந்து சக்கர அச்சு 60 செ.மீ. கீழே இருக்கட்டும். மேல் பேரிங்கில் 0.2 மி.மீ. தளர்வு வந்தால், அச்சில் அது நான்கு மடங்காகி 0.8 மி.மீ. ஆகும். தலையில் தலைமுடி அளவு. காலில் கண்ணுக்குத் தெரியும் அளவு!

கண்டுபிடிப்பது எப்படி? இஞ்சினுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். முதலில், ஃபோர்க் கால்களைப் பிடித்திருக்கும் மேல்தட்டு, கீழ்த்தட்டு போல்ட்டுகளும் சக்கர அச்சும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அடுத்து, ஒரு கையால் ஃபோர்க் காலையும் மறு கையால் சக்கரத்தையும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கால் நிற்க, சக்கரம் மட்டும் ஆடினால் குற்றவாளி சக்கர பேரிங். மூன்றாவதாக, இரு கால்களின் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். கீழ்த்தட்டும் கழுத்துக் குழாயும் சேரும் இடத்தில் நண்பரின் விரல் இருக்கட்டும். அங்கே அசைவு தெரிந்தால் கழுத்துப் பேரிங். அங்கே அசைவில்லாமல், குழாய்க்குள் குழாய் நுழையும் இடத்தில் ஆடினால் தேய்ந்தது உள்ளே இருக்கும் புஷ். வழுக்கிச் செல்ல வேண்டிய குழாய்களுக்குள் சிறிது இடைவெளி இயல்பே. ஆகவே இரு கால்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் உந்திப் பார்ப்பது மட்டும் ஏன் போதாது? டிஸ்க் பிரேக்கின் பேடுகளும் தம் இடத்தில் சற்று அசைந்து அதே 'டக்' ஒலியைத் தரும். ஒலி ஒன்று, காரணம் பல.

கண்டுபிடித்த பின் வைத்தியம் எளிது. கழுத்து தளர்ந்திருந்தால், மேல்தட்டின் நட்டையும் போல்ட்டுகளையும் தளர்த்தி, கீழே இருக்கும் கோன் நட்டை ஆட்டம் போகும் வரை மட்டும் முறுக்க வேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் பல முறை திருப்பி, மீண்டும் சரிபார்க்க வேண்டும். சக்கரம் தூக்கிய நிலையில், நடுவிலிருந்து லேசாகத் தட்டினால் ஹேண்டில்பார் தன் எடையாலேயே ஒரு பக்கம் சாய வேண்டும். மேல் நட்டை முறுக்கும்போது பேரிங்கின் இறுக்கம் கூடும். ஆகவே எல்லாம் முறுக்கிய பிறகு இன்னொரு முறை சோதிப்பது கட்டாயம். நடுவில் 'கடக்' என்று பிடித்து நின்றால் ரேஸில் பள்ளம் விழுந்துவிட்டது. அதை முறுக்கித் தீர்க்க முடியாது, செட்டை மாற்றத்தான் வேண்டும்.

"கொஞ்சம் கூடுதலாகவே முறுக்குங்க" என்பவர்களும் உண்டு. இது ஆபத்து! கழுத்து இறுகிய வண்டி மெதுவாகச் செல்லும்போது நேராக நிற்காமல் இப்படியும் அப்படியும் அலையும். அப்போது சாலையைக் குறை சொல்வோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

ஆயில் சீலும் அப்படியே. ஒழுகுகிறது என்று சீலை மட்டும் மாற்றுகிறோம். புஷ்ஷின் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால், குழாய் உள்ளே ஆடிப் புதுச் சீலையும் கெடுத்துவிடும். சக்கரத்தை மாட்டும்போது, அச்சைப் பிடிக்கும் பக்க போல்ட்டை முறுக்குமுன் ஃபோர்க்கைச் சில முறை அமுக்கி விட வேண்டும். இல்லையேல் கால்கள் இழுபட்டு இறுகி நிற்கும். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைக் கழுத்துப் பேரிங்கின் மீது காட்டுவதையும் நிறுத்துவோம். கிரீஸ் போன பேரிங் அதிக நாள் உழைக்காது.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, கலைக்கல்லூரி மாணவனுக்கு எதற்கு?" என்று கேட்கலாம். பழுது பார்ப்பது அவர் வேலைதான். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் விரல் நுனியாலேயே இடத்தைச் சொல்வதை நான் வியந்து பார்த்திருக்கிறேன். அவர்கள்மீது மட்டும் பழி போடுவது நியாயமல்ல. "சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுங்க" என்று அவசரப்படுத்துவதும், "கோன் செட் மாத்திடுங்க" என்று நாமே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பதும் யார்? பத்து நிமிடம் உடனிருந்து "எந்த இடத்துல ஆடுது, காட்டுங்கண்ணே" என்று கேட்டால் நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

மாணவ நண்பர்களே! நெம்புகோல் தத்துவத்தை விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். 0.01 மி.மீ. அளக்கும் திருகு அளவி நம் ஆய்வகத்தில் இருக்கிறது. அந்த அறிவு வண்டி நிறுத்தும் கொட்டகை வரைக்கும் வரக் கூடாதா? பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்து நம் வண்டிகளின் முன்சக்கரங்களைத் தூக்கிப் பார்ப்போம். செலவு ஒன்றுமில்லை, ஒரு மரக்கட்டையும் இரண்டு கைகளும் போதும். காப்பது உயிரை!