ஒரே பெயர், பல நோய்கள்

உலகில் 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 59.5 கோடிப் பேர் மூட்டுத் தேய்மானத்துடன் வாழ்ந்தனர். 2050-இல் இந்த எண்ணிக்கை 100 கோடியை நெருங்கும் என்கிறது உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு. இத்தனை பேரை வாட்டும் நோயின் போக்கைத் தடுத்து நிறுத்தும் மருந்து ஒன்றுகூட இதுவரை அங்கீகாரம் பெறவில்லை. உடற்பயிற்சி, எடைக்குறைப்பு, வலி நிவாரணி, இறுதியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்பதே இன்றைய நிலை.

முயற்சிகள் இல்லாமலில்லை. குருத்தெலும்பைச் சிதைப்பதில் 'அடாம்டிஎஸ்-5' என்ற நொதிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை எலிகளிடம் நடந்த ஆய்வுகள் 2005-இல் காட்டின. அந்த நொதியைத் தடுக்கும் மருந்து 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2020-இல் தோல்வி கண்டது. 'ஸ்பிரிஃபெர்மின்' என்ற மற்றொரு மருந்து குருத்தெலும்பின் தடிமனைச் சற்றே கூட்டியது. ஆனால், வலி குறைந்ததாக நிறுவ முடியவில்லை.

இத்தோல்விகளுக்கு ஆய்வாளர்கள் கூறும் காரணங்களுள் ஒன்று, பொருளாதாரம் பயின்றவர்களுக்குப் பழக்கமானது. நாட்டின் சராசரி வருமானம் உயர்ந்தது என்ற செய்தி, யாருடைய வருமானம் உயர்ந்தது என்பதைச் சொல்லாது. மருந்துச் சோதனையும் பெரும்பாலும் சராசரியைத்தான் அளக்கிறது. நூறு பேரில் இருபது பேருக்கு நல்ல பலன் தரும் மருந்து, மற்ற எண்பது பேருக்குப் பலன் தராவிட்டால், சராசரியில் பயனற்றதாகவே தோன்றக்கூடும்.

மூட்டுத் தேய்மானத்தில் இந்த ஐயத்துக்கு வலுவான அடிப்படை உண்டு. விளையாட்டில் தசைநார் கிழிந்த இளைஞர், உடல் பருமன் மிகுந்தவர், மாதவிடாய் நின்ற பெண், பரம்பரையாக இந்நோய் வரும் குடும்பத்தினர் என நால்வர் வெவ்வேறு வழிகளில் இந்த நோயை அடையலாம். எக்ஸ்-ரே படத்தில் நால்வரின் முழங்காலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். எக்ஸ்-ரேயைக் கொண்டு நோயின் நிலையை வகைப்படுத்தும் முறை 1957-இல் உருவானது. இன்றும் அதுவே பெரிதும் பயன்படுகிறது. தேய்மானம் நிகழ்ந்த பிறகே அது காட்டும். தேய்வதன் காரணத்தைக் காட்டாது.

அந்தக் காரணத்தைத் தேடுவதுதான் மூலக்கூறு அளவிலான பகுப்பாய்வு. இரத்தம், சிறுநீர், மூட்டுத் திரவம், குருத்தெலும்பு ஆகியவற்றில் உள்ள மரபணுக்கள், ஆர்என்ஏ, புரதங்கள், வளர்சிதை மாற்றப் பொருள்கள் ஆகியவற்றை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் அளந்து, யாருடைய மூட்டில் அழற்சி முந்துகிறது, யாருடைய மூட்டில் எலும்பின் மாற்றம் முந்துகிறது என்று பிரித்தறிய முயல்கின்றனர். கொலாஜன் சிதையும்போது சிறுநீரில் வெளியேறும் துணுக்கு ஒன்றின் அளவு, யாருக்கு நோய் விரைந்து முற்றும் என்பதைக் கணிக்க ஓரளவு உதவும் என்று அமெரிக்காவில் 600 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது.

மரபணு ஆய்வு இன்னும் முன்னேறியுள்ளது. 2025-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளிலிருந்து நோயுடன் தொடர்புடைய 962 மரபணு வேறுபாடுகளையும், அவற்றின் வழியாக 700 மரபணுக்களையும் அடையாளம் கண்டது. அவற்றுள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, பிற நோய்களுக்கு ஏற்கெனவே உள்ள மருந்துகளின் இலக்குகள் என்பது நம்பிக்கையளிக்கும் செய்தி.

கவலைக்குரிய செய்தியும் அதே ஆய்வில் உண்டு. தரவு தந்தவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் ஐரோப்பிய மரபினர். நம் மக்களின் மரபுப் பின்னணியும், தரையில் அமர்தல், குந்தி வேலை செய்தல் போன்ற வழக்கங்களும் வேறு. நாம் இடம்பெறாத தரவிலிருந்து பிறக்கும் பரிசோதனைகள் நமக்கு எந்த அளவு பொருந்தும் என்ற கேள்வியை இப்போதே எழுப்பியாக வேண்டும்.

2017-இல் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விலை விதித்தது. சராசரியாக ரூ.1.58 லட்சத்துக்கு விற்ற சாதாரண வகை, வரி நீங்கலாக ரூ.54,720-க்குக் குறைந்தது. வரவேற்கத்தக்க நடவடிக்கை அது. ஆனால், விலைக் கட்டுப்பாடு என்பது சந்தைக்கு வந்துவிட்ட பொருளுக்கான கருவி. நாளை வரவிருக்கும் பரிசோதனைகளும் மருந்துகளும் நமக்கு ஏற்றவையாகவும் எட்டக்கூடியவையாகவும் இருக்க, அவற்றுக்கு அடிப்படையான அறிவில் நமக்கும் பங்கு வேண்டும்.

அதற்கான மூலப்பொருள் நம்மிடம் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையிலும் வெட்டியெடுக்கப்படும் எலும்பும் குருத்தெலும்பும் பெரும்பாலும் மருத்துவக் கழிவாகிவிடுகின்றன. ஆய்வாளர்களுக்கு அவை கிடைத்தற்கரியவை. நோயாளியின் தெளிவான ஒப்புதலுடன் அவற்றைச் சேகரித்து, அவரது வலி, எடை, தொழில் ஆகிய விவரங்களோடு இணைத்துப் பாதுகாக்கும் திசு வங்கிகளை அரசு மருத்துவக் கல்லூரிகளில் நிறுவலாம். 10 ஆயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதித் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்ட நாட்டுக்கு இது இயலாததன்று.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவில் பொதுநிதியும் தனியார் நிதியும் இணைந்து, 4,796 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டிய முழங்கால் தரவுகள் உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவைக்கப்பட்டன. ஒருவர் பயன்படுத்துவதால் அறிவு மற்றவருக்குக் குறைவதில்லை. அதனால்தான் அதைப் பொதுச்சொத்தாக உருவாக்கும் கடமை அரசுக்கு உண்டு. பெயர் மறைத்தல், வணிகப் பயன்பாட்டில் நோயாளிகளுக்கும் பொதுமக்களுக்கும் உரிய பங்கு ஆகிய விதிகள் தொடக்கத்திலேயே வகுக்கப்பட வேண்டும்.

மூலக்கூறு பகுப்பாய்வு இன்று ஆய்வகத்தில்தான் இருக்கிறது. மூட்டுத் தேய்மானத்துக்கு இத்தகைய பரிசோதனை எதுவும் அன்றாட மருத்துவத்துக்கு வந்துவிடவில்லை. அதன் பெயரால் விலையுயர்ந்த பரிசோதனைகளை யாரேனும் விற்க முன்வந்தால், மக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக்குறைப்பும் எந்த ஆய்வின் முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியவை அல்ல.

ஆனால், தரவு திரட்டும் பணிக்குக் காத்திருக்க அவகாசமில்லை. பல ஆண்டுகள் தொடர்ந்து திரட்டினால்தான் அது பயன் தரும். இன்று ஐம்பது வயதில் இருப்பவர், தம் எழுபதாவது வயதில் தமக்கேற்ற சிகிச்சையைப் பெறுவாரா என்பது, இப்போது நாம் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.