செவிக்கு மருந்தா, செவிட்டுக்கு வித்தா?

கடல் சூழ வாழ்வது தீவக மக்களாகிய நமக்குப் பெருமை. நோயுற்ற வேளையில் அக்கடலே நமக்குத் தடை. நெடுந்தீவில் ஒருவருக்கு நள்ளிரவிலே காதுக்குத்துத் தொடங்கினால், அவர் விடியும்வரை பொறுத்து, குறிகாட்டுவானுக்குப் படகேறி, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே மருந்துக்கடையில் ஒரு சிறு போத்தலை வாங்கிக் காதில் விட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. இதனை அறியாமையென்று நகரத்து அறிஞர் நகைப்பது எளிது. இவ்வழக்கத்தை ஈன்ற தாய் தூரமே. எனினும், தாய் யாராயினும் பிள்ளையின் குணத்தை நாம் ஆராயத்தான் வேண்டும்.

துளிமருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. குறும்பியை இளக்கும் துளிகள் ஒரு வகை. ஒலிவ் எண்ணெயும் சோடியம் பைகாபனேற்றுக் கரைசலும் இவ்வகையின. செவிப்பறை பழுதற்றவர் இவற்றை நாளுக்கு மூன்று நான்கு முறையாகச் சில நாள் விட்டுவரின், இறுகிய குறும்பி இளகித் தானே வெளியேறும். போத்தலை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றியபின் விடுதல் நன்று. குளிர்ந்த துளி தலைச்சுற்றலைத் தரும். இவ்வளவுக்கு நிபுணர் வேண்டியதில்லை. ஈர்க்கும் தீக்குச்சியும் கொண்டு குடைவதே வேண்டாத வேலை.

நுண்ணுயிர்க்கொல்லி கலந்த துளிகளோ வேறு வகை. அவற்றுள் ஜென்ராமைசின், நியோமைசின் போன்றவை செவிப்பறையில் துளையிருக்குமாயின் உட்செவியை அடைந்து, ஒலியை உணரும் நுண்மயிர்க் கலங்களை அழிக்கக்கூடும். அழிந்த கலம் மீண்டும் முளைப்பதில்லை. காதில் பூஞ்சணம் பிடித்திருந்தாலோ, இத்துளிகள் அதனை அழிப்பதற்கு மாறாக வளர்த்துவிடவும் கூடும்.

சங்கு குளிக்கும் நம் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பத்து மீற்றர் ஆழத்தில் அவர் செவிப்பறையைத் தாக்கும் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இருமடங்கு. பறை கிழிந்திருப்பதை அவரே அறியாதிருக்கலாம். கடைக்காரர் எங்ஙனம் அறிவார்? செவிநோக்கிக் கருவியால் ஒரு நிமிடம் பார்த்தறிய வேண்டியதை, ஊகத்தால் தீர்மானிப்பது முறையாகுமா?

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குறுத்துகை அதிகாரசபையை நிறுவியது. நுண்ணுயிர்க்கொல்லிகளை வைத்தியரின் சீட்டின்றி விற்றலாகாது என்பதும் விதியே. ஆயினும், சீட்டெழுதும் வைத்தியரைக் கடலுக்கு அப்பால் வைத்துவிட்டு, சீட்டைக் கொண்டுவா என்று நோயாளியிடம் கேட்பது நீதியா? சட்டம் இயற்றிய அரசுக்கு, அதனைக் கைக்கொள்ள வழிசெய்யும் கடமையும் உண்டு. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் குறித்த நாளில் தவறாது செவிநோய்ச் சிகிச்சை நடைபெற வேண்டும். நயினாதீவு முதலாய தீவுகளின் வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் செவிநோக்கியும், அதனைக் கையாளப் பயின்றவரும் இருத்தல் வேண்டும். பாடசாலைகளில் ஆண்டுதோறும் செவிப் பரிசோதனை நடத்தல் வேண்டும்.

இது சலுகைக் கோரிக்கையன்று. சிறுவரின் செவிப்புலன் இழப்பில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கக்கூடியது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காதில் சீழ் வடியும் பிள்ளையைப் பின்வாங்கில் இருத்தி, மந்தன் என்று பெயரிடும் கொடுமை இனியும் வேண்டுமா? கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியைப் பேசுவோர்க்கு இது அழகாகுமா?

அரசு விழிக்கும்வரை நாம் உறங்கலாகாது. சீழ், குருதி, காய்ச்சல், காதின் பின்புற வீக்கம், திடீரெனக் கேளாமை, முகம் கோணுதல், நீரிழிவுள்ளோர்க்குக் கடுமையான காதுவலி ஆகிய இவற்றுள் எது தோன்றினும் போத்தலைத் தேடாதீர். முதற்படகிலேயே வைத்தியரை நாடுவீர். மருந்துக்கடை நடத்தும் அன்பர்களே, காதில் சீழ் வடிகிறதா என்று கேளாமல் ஒரு துளியும் விற்காதீர். கற்றோரே, உங்கள் ஊரின் பெயரால் இக்கோரிக்கைகளை எழுதி அனுப்புங்கள். தீவகத்தின் குரல் கொழும்பின் செவியில் விழும்வரை நாம் ஓயலாகாது!